பேராசிரியர் வீட்டுப் புளிமூட்டை

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தன்று எங்கள் வீட்டில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகளைப் பற்றி எதுவும் தெரியாதவன் நான் ஒருவன்தான். மற்ற அனைவரும் வல்லுநர்கள்.

மகளுக்கு இருபத்து நான்கு வயது. மூன்றாம் வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவள். அவளிடம் பத்துப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. அவற்றையும் தனக்குத் தேவைப்பட்டால் மட்டுமே செலவிடுவாள். எங்கள் ஊரான இண்டூரில் எல்லோருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். அன்று நடு அறையின் மூலையில் சுவரைப் பார்த்து அமர்ந்து, இரு காதுகளையும் உள்ளங்கைகளால் மூடியிருந்தாள். தாய் இறந்த பிறகு குறைவாகவேனும் உண்டுகொண்டிருந்தவள், முந்தின நாள் மதியத்திலிருந்து அடியோடு நிறுத்திவிட்டாள். இரண்டு தம்ளர் மோர் மட்டும் உள்ளே போயிருந்தது. அவளை எப்படி உண்ண வைப்பது என்பதே அன்றும் அதற்கடுத்த மூன்று வாரங்களும் என் முன் இருந்த ஒரே கேள்வி. மனைவிக்காக வருந்துவதற்குக்கூட அந்தக் கேள்வி இடம் தரவில்லை. அதற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

வல்லுநர்களிடம் விடைகள் இருந்தன. என் சித்தப்பா மகள், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே சொன்னாள்: “பாப்பாவுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருங்கண்ணா. பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு கொழந்த பொறந்துட்டா எல்லாம் தானாத் தெளிஞ்சிரும்.”

“யாரைப் பிடித்து?” என்று கேட்டேன்.

“ஏன், ஏழப்பட்ட வூட்டுப் பையனா பாத்தா ஒத்துக்கமாட்டானா?”

மனிதரை மருந்தாக அரைத்துக் கொடுக்கும் இந்த வைத்தியத்தை அவள் ஒருத்தி மட்டும் பரிந்துரைக்கவில்லை. அன்று மூன்று பேர் பரிந்துரைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பெங்களூரில் ஒரு விடுதியைச் சொன்னார். அங்கே ஏசி இருக்கிறதாம். அந்தத் தகவலை அவர் இரண்டு முறை தந்தார். என் மனைவியின் அண்ணன், சுருக்கமாகப் பேசுவதையே அறிவு என்று நம்புகிறவர், கை கழுவிவிட்டு வந்து முடிவுரை கூறினார்: “பசிச்சா தானாத் திங்கும் மாப்ள. நீங்க தட்ட எடுத்துக்கிட்டு பின்னாடியே சுத்தாதீங்க. ரெண்டு நாளு கண்டுக்காம விடுங்க.”

இவர்களை இகழ்வதற்கு எனக்கு இருபது ஆண்டுப் பயிற்சி உண்டு. மகளுக்கு மூன்று வயதாகும்வரை சேலத்தில் ஒரு மருத்துவர், பெண் குழந்தைதானே, கூச்ச சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூரில் ஒருவர்தான் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும், கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாயா என்று என் மனைவியைப் பெண்கள் வரிசையாக விசாரித்தார்கள். அரசாங்கப் படிவத்தில் என் மகள் ‘புறஉலகச் சிந்தனையற்றவர்’. புறஉலகம் அவளுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டுவதால்தான் அவள் காதை மூடிக்கொள்கிறாள் என்பது படிவம் தயாரித்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சான்றிதழுக்கான முகாமில் ஒரு மருத்துவர் அவளை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஊனத்தின் சதவீதத்தை எழுதினார். எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேட்டேன். இயற்பியல் கற்பித்தவன் கேட்கக்கூடிய நேர்மையான கேள்விதான். “அடுத்த ஆள வரச் சொல்லுங்க” என்றார்.

ஆகவே அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பில், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, என் மகளைப் பற்றி நான் எழுதி வைத்தேன். உறங்கிய நேரம், விழித்த நேரம், ஒதுக்கிய உணவு, ஏற்ற உணவு. மதியம் அவள் உண்பது கேழ்வரகுக் களியும் கீரைக்குழம்பும். மாவின் அளவு, நீரின் அளவு, கிண்டும் நேரம், வட்டிலில் வைக்கும்போது இருக்க வேண்டிய சூடு, எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டு நாற்பதுக்கு உண்ணத் தொடங்குவாள். ஒன்று ஐந்துக்கு முடிப்பாள். பல்கலைக்கழகத்தில் நான் சமர்ப்பித்த ஆய்வேட்டைவிட இது பயனுள்ளது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது பணிவான முகம் ஒன்றை வைத்துக்கொள்வேன்.

என் மனைவி எதையும் எழுதி வைக்கவில்லை. அவள் சனிக்கிழமைதோறும் மகளை அழைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் பாப்பாரப்பட்டிக்குப் போவாள். அங்கே ஒரு பெண் தையற்கடை நடத்துகிறாள். அவளுடைய மகனும் இப்படிப்பட்டவன். கடையின் பின்னறையில் ஆறேழு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு கூடுவார்கள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரே ஒருமுறை சென்றேன். தரையில் சாக்கு விரித்து, வட்டமாக அமர்ந்து, பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அது வழக்கமான கூலி வேலை: உலர்ந்த புளியைக் கல்லின் மேல் வைத்து, கைப்பிடியளவு இரும்புத் துண்டால் தட்டி, கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். தட்டிக்கொண்டே கதை பேசினார்கள், சிரித்தார்கள். பிள்ளைகள் அவரவர் போக்கில் கிடந்தார்கள். பயிற்சியாளர் இல்லை, பாடத்திட்டம் இல்லை. வீடு திரும்பும்போது கேட்டேன், இதனால் குழந்தைக்கு என்ன பயன்.

“கொழந்தைக்கு என்னன்னு தெரியலீங்க. எனக்கு நல்லாருக்குது” என்றாள்.

அதற்குப் பெயர் வம்பு மடம் என்றேன். அடுத்த சனிக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள்.

அதிலிருந்து சில மாதங்களில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் ஒரு புளிமூட்டை வந்து சேர்ந்தது. ஒரு கல், ஓர் இரும்புத் துண்டு. தினமும் நண்பகலில் டொக், டொக் என்று கேட்கும். ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அது. பேராசிரியர் வீட்டில் கூலிக்குப் புளி தட்டுகிறார்கள் என்று ஊர் சொல்லும் என்றேன். கூலிக்கில்லை, வீட்டுக்குத்தான் என்றாள். எங்கள் வீட்டில் மூன்று பேர். அத்தனை புளியை எந்தக் குழம்பு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பருவம் முடிந்து புளி தீர்ந்த மாதங்களில், முன்பே எடுத்துப் போட்ட கொட்டைகளையே கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அதையும் ஒருநாள் பார்த்தேன். கிராமத்தில் வளர்ந்த கை சும்மா இருக்காது என்று முடிவுசெய்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, பன்னிரண்டு நாற்பது, உண்ணத் தொடங்கினாள் என்று கோப்பில் எழுதினேன்.

என் மனைவி மருத்துவமனையில் இருந்தது எட்டு நாள். அதன் பிறகு நடந்தவற்றை எழுத விருப்பமில்லை. அவளுடைய அக்கா வந்து தங்கி, காரியம்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டார். துக்க வீட்டில் கை சும்மா இருக்க மாட்டாமல், மிச்சமிருந்த புளியை அவர் பின்கட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். பதினைந்தாம் நாள் காலை நான் அவரிடம், நாளைக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள், இந்த மூட்டையையும் கல்லையும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். கொடுத்துவிட்டார். அன்றைய மதியத்திலிருந்து மகள் உண்ணவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இயற்பியல் பேராசிரியருக்கு.

காரியம் முடிந்து எல்லோரும் போனதும் கோப்பை எடுத்தேன். மாவை நிறுத்தேன், நீரை அளந்தேன், களி கிண்டினேன். முதல் நாள் கட்டிதட்டியது; நான்காம் நாள் குற்றம் சொல்ல முடியாத களி. வட்டிலைத் தள்ளிவிட்டாள். பென்னாகரத்திலிருந்து ஒரு சமையல்கார அம்மாளை வரவழைத்தேன். அவர் கிண்டிய களியைப் பார்த்து நானே இரண்டு உருண்டை உண்டேன். மகள் தொடவில்லை. “கண்ணு பட்டிருக்குதுங்க, உப்பு சுத்திப் போடுங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நான்காம் நாள் நின்றுகொண்டார்.

தர்மபுரியில் மாடியொன்றில் இருக்கும் பயிற்சி மையத்துக்கு அழைத்துச் சென்றேன். சுவரெல்லாம் வானவில். அங்கிருந்த இளம்பெண் என்னிடம் முப்பத்தாறு கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். நான் கோப்பையே கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “சூப்பர் சார், இவ்ளோ டேட்டா எந்தப் பேரன்ட்டும் குடுத்ததில்ல” என்றாள். மெய்யாகவே மகிழ்ந்தாள். பிறகு சோறு, தட்டு, சிரிக்கும் குழந்தை ஆகிய மூன்று படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைத் தந்து, வீட்டில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். என் மகள் அதைக் கழற்றி, ஒழுங்காக நான்காகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டாள். எங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்த செயல்களில் அறிவார்ந்தது அது ஒன்றுதான்.

இடையில் மைத்துனர் தினமும் தொலைபேசியில் அழைத்தார். “இன்னும் கெஞ்சிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? சொன்னதச் செஞ்சு பாருங்க.” அறிவின்மையை நான் இகழ்வேன், ஆனால் களைப்பு வந்தால் அதற்கே கீழ்ப்படிவேன் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். ஒன்றரை நாள் அவள் முன் எதையும் வைக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் அவள் தன் இடது மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். தழும்பு இருக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

மோரிலும் எப்போதாவது ஒரு வாழைப்பழத்திலும் ஓடிய மூன்றாம் வாரத்தின் வெள்ளிக்கிழமை, மருத்துவர் எடை பார்த்துவிட்டுச் சொன்னார்: திங்கட்கிழமை சேர்த்துவிடலாம், மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும். என் மகளின் முகத்தை அந்நியர் தொட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கைகளைக் கட்டுவார்கள். அதையும் அவர் மறைக்கவில்லை. “பாப்பா நல்லதுக்குத்தானே சார்.”

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு மகள் செருப்பணிந்து, தன் துணிப்பையைத் தோளில் மாட்டி, வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் அப்படித்தான் நின்றாள். இரண்டு முறையும் அவளைத் திருப்பி உள்ளே அழைத்துவந்து, பழக்கத்தின் எச்சம் என்று கோப்பில் எழுதியிருந்தேன். இந்த முறை என்னிடம் எழுதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காரை எடுத்தேன், ஏற மறுத்தாள். “பஸ்” என்றாள். தாய் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் அமர்ந்தாள். நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அவளைப் பார்த்து, “என்ன பாப்பா, இத்தினி நாளா ஆளையே காணோம்? அம்மா வரலியா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். அவரைவிட நாகரிகமானவரை எங்கள் வீட்டுக் காரியத்தில் நான் பார்க்கவில்லை.

தையற்கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். முன்பு கடையில் பார்த்ததைத் தவிர அவளை வேறெங்கோ பார்த்த நினைவு. சாவன்று எங்கள் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஐந்தாறு பெண்கள். காதில் ஹெட்போன் மாட்டிய பெரிய பையன் ஒருவன். கையை உதறிக்கொண்டே இருந்த ஒரு சிறுமி. யாரோ வேலையாட்கள் என்று நினைத்து, என் உறவினர் ஒருவர் அவர்களைக் கொல்லைப்பக்கம் போகச் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மகள் யாரையும் பார்க்காமல் பின்னறைக்குப் போய், சுவரோரமாகத் தனக்கென்று இருந்த இடத்தில் அமர்ந்தாள். பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தட்டுவதை நிறுத்தாமலே இடக்கையால் தன் டிபன் டப்பாவை அவள் முன் தள்ளினாள். உள்ளே ஆறிப்போன எலுமிச்சைச் சோறு. என் கோப்பில், ஒதுக்கும் உணவுகளில் மூன்றாவதாக எழுதப்பட்டிருப்பது. மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். உண்டாள். டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் வழித்து உண்டாள்.

நான் கதவருகே நின்றேன். கண்ணாடியைத் துடைத்தேன். அது ஒரு நல்ல வேலை, நேரம் எடுக்கும்.

“இந்தச் சத்தம் இருந்தாத்தாங்க பாப்பா திங்கும்” என்றாள் தையற்கடைக்காரி. “இங்கதான் அக்கா அதக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குத்தானே வூட்டுக்கும் ஒரு மூட்ட வாங்கிட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாது” என்றேன்.

கையுதறும் சிறுமியின் தாய், வயதில் எல்லோருக்கும் இளையவள், தலை நிமிராமல் கேட்டாள்: “வூட்ல பெரியவங்கன்னு அக்காவும் நீங்களும் ரெண்டு பேருதானே இருந்தீங்க?”

“ஏய், சும்மா இருடி.”

“நான் கேக்கறதுல என்னக்கா தப்பு? எவ்ளோ பெரிய வூடு, காதுல வுழுந்திருக்காதோ என்னமோன்னு கேட்டேன்.”

வானவில் மையத்தில் இப்படியொரு கேள்வியை முப்பத்தாறில் ஒன்றாக வைத்திருந்தால் பயன்பட்டிருக்கும். கதவைச் சாத்தியிருந்தேன் என்று சொன்னேன். டொக், டொக் என்று இரும்பு விழுந்துகொண்டிருந்தது.

“அக்கா ஒருக்கா சொன்னாங்க” என்றாள் தையற்கடைக்காரி. “எனக்கு ஒண்ணுன்னா சாரு இங்க வருவாரு, ஆனா எல்லா எடத்துக்கும் போய்ட்டு கடசியாத்தான் வருவாரு, அதுவரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு. நாங்களும் காரியம் முடிஞ்சதுலேருந்து மூணு வாரமா பஸ்ஸு வர்ற நேரத்துக்கு வாசலப் பாத்துக்கிட்டிருக்கறோம். போன் பண்ணலாமுன்னா, எங்ககிட்ட அக்கா நம்பருதான் இருக்குது.”

இருபத்தைந்து ஆண்டுத் திருமண வாழ்வில் என்னைப் பற்றிச் செய்யப்பட்ட துல்லியமான அளவீடு அது. கருவி எதுவும் இல்லாமல்.

“கதவாண்டயே நின்னா எப்படிங்க? வந்து ஒக்காருங்க” என்றாள் இளையவள். “புரொபசருக்குன்னு தனி நாற்காலியெல்லாம் இங்க கெடையாது.” சாக்கின் ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். முழங்கால் மடங்க நேரமாயிற்று. கல்லையும் இரும்பையும் என் முன் வைத்தார்கள். முதல் தட்டில் புளி நசுங்கிக் கொட்டையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது என் கட்டைவிரலில் விழுந்தது.

“அய்யய்யோ, புளியத் தட்டுங்க சார், உங்களத் தட்டிக்காதீங்க.”

“பாப்பா, உங்கப்பாவுக்கு வேல தெரியலயே, இவரு நமக்கு வேணுமா?”

மகள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நான் தட்டியபோது காதை மூடவும் இல்லை.

பரிகாரம் கிடைத்தது, எல்லாம் இனிது என்று முடிவுகட்டும் வாசகர்களுக்கு ஒரு தகவல். முதல் வாரம் வீட்டில் நான் தட்டியது பலிக்கவில்லை. என் தட்டல் சீராக இருந்தது, கடிகாரம்போல. மகளுக்கு அது பிடிக்கவில்லை. தையற்கடைக்காரி தன் பிள்ளையோடு பஸ்ஸேறி நான்கு நாட்கள் மதிய வேளையில் வந்து எதிரே அமர்ந்து தட்டினாள். அவளுக்குக் கடையில் அந்த நேரத்தில் வேலை கிடந்தது. அதை அவள் குறிப்பிடவில்லை. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, கொட்டையை எறியும் சிறு ஓசை, மறுபடி ஒரு தட்டு. அந்த இடைவெளியில்தான் மகள் உருண்டையை வாயில் வைக்கிறாள் என்பதை ஐந்தாம் நாள் நானே கண்டேன். திங்கட்கிழமை சேர்க்க வேண்டியிருந்ததை மருத்துவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தார்; எடை ஏறத் தொடங்கியதும் அதைக் கைவிட்டார், காரணம் கேட்டார். சொன்னேன். “எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்திருவோம்” என்றார்.

எனக்குப் பிறகு யார் என்ற கேள்வியை இப்போது சனிக்கிழமைகளில் பேசுகிறோம். ஏழு குடும்பங்கள், யார் வீட்டில் யார் போனாலும் மறுநாள் மதியம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் யார் இருப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையை என் மனைவி இருந்தபோதே ஏற்படுத்திவிட்டார்கள். பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே அவள் என்னை எழுதச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் வீட்டு முறைக்கு வந்தவர்களைத்தான் சாவன்று கொல்லைப்பக்கம் அனுப்பியிருந்தோம். இப்போது வேறொரு பிள்ளையின் பெயருக்கு நேரே என்னைச் சேர்த்திருக்கிறார்கள், தகுதிகாண் பருவத்தில். கோப்பு பரணில் இருக்கிறது.

சென்ற வாரம் மைத்துனர் முன்னறிவிப்பின்றி வந்தார். பன்னிரண்டு நாற்பதைத் தாண்டியிருந்தது. பின்கட்டுக்கு வந்தவர், சாக்கின் மேல் லுங்கியோடு அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த என்னைக் கண்டு நின்றுவிட்டார். சுற்றிலும் கொட்டை, நார், ஓடு.

“என்ன மாப்ள இது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? ஒரு புரொபசர் செய்யற வேலையா இது?” பிறகு எதிரே களியுண்டுகொண்டிருந்த மகளைப் பார்த்து, முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னேன். பசிச்சா தானாத் திங்கும்னு.”

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் தீட்டிய நாக்கு. மூன்று வாக்கியங்கள் போதும். அவற்றை மனதில் ஒழுங்குபடுத்தியும் விட்டேன். ஆனால் பேசினால் கை தாமதிக்கும். கை தாமதித்தால் அவள் விரல்கள் வட்டிலை விட்டு எழுந்துவிடும்.

இரண்டு தட்டு. இடைவெளி. கொட்டையை எறிந்தேன். மைத்துனர் பதிலுக்குக் காத்திருந்தார். மகள் ஓர் உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். இன்னும் பாதி மிச்சமிருந்தது.